டாக்டருடன் தேநீர், பதினொரு முறை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிளினிக் வாசலில் தொங்கும் பலகையை மூன்று முறை படித்தேன். ‘மருந்துக் கம்பெனிக்காரர்கள் உள்ளே வர வேண்டாம். சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில், கையால் எழுதி, இந்தப் பெட்டியில் போடவும். அச்சடித்த தாள் குப்பைக்குப் போகும்.’ ஒன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கதவைச் சாத்திய டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருப்பதையே மறந்து வீட்டுக்குப் போன டாக்டரையும் பார்த்திருக்கிறேன். பரீட்சை வைக்கும் டாக்டரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் பையில் எப்போதும் இருநூறு பேனா இருக்கும், எல்லாம் அடுத்தவருக்குக் கொடுக்க. நான் ஒரு முழுப் பக்கம் கையால் எழுதிப் பதினைந்து வருஷம் ஆகிறது.

இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு வாரம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தங்களைப் பற்றி எங்கள் மேனேஜரிடம் கேட்டதற்கு, “அவங்க ரொம்ப நல்ல டாக்டர், உனக்குத் தொந்தரவே இருக்காது” என்று சொல்லிச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று பலகையைப் பார்த்தபோது புரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி நெஞ்செரிச்சலுக்குப் புது மாத்திரை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நீல நிறம். இரட்டைப் பூச்சு. காலையில் ஒன்று போட்டால் இரவு வரைக்கும் எரிச்சல் எட்டிப் பார்க்காது. தங்கள் நோயாளிகளுக்கு ஒரு முறை எழுதிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை மாதிரிகளும் ஒரு பேனாவும் இத்துடன் வைத்திருக்கிறேன். தாள் தீர்ந்துவிட்டதால் இன்னொரு அரைத் தாளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறேன், மன்னிக்கவும்.

பணிவுடன்,
நீல மாத்திரைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி


ஜனவரி 11

கம்பெனிக்காரருக்கு,

ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம். அரைத் தாள் ஒட்டியதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கிறது. என் கையெழுத்தைப் படிக்க முடியாவிட்டால் எங்கள் கம்பவுண்டர் அண்ணனிடம் கேளுங்கள். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது புரியும்.

பேனாவை இந்தக் கடிதத்தோடு கம்பவுண்டர் அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரிகளையும்தான். மூன்று கேள்விகள். பழைய மஞ்சள் மாத்திரையும் இதே மருந்துதானே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரட்டைப் பூச்சால் நோயாளிக்கு என்ன லாபம், யார் சோதித்துப் பார்த்தார்கள்? விலை ஆறு மடங்கு ஏன்?

‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து விஷயத்தில் பணிவு வேண்டாம், பதில் போதும்.

டாக்டர்


ஜனவரி 23

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தங்கள் மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. “சார், விலை என்ன?” என்பார்கள், சொல்வேன், “அடேயப்பா!” என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும்.

போன வாரம் எங்களுக்கு விற்பனைக் கூட்டம் நடந்தது. பெரிய ஹோட்டல், குளிரில் பல் தந்தியடிக்கும் ஹால். மாத்திரை மாதிரியே உடுப்பு போட்டுக்கொண்டு ஒருவர் மேடையில் குதித்துக் குதித்து ஆடினார். உள்ளே இருந்தது எங்கள் கணக்குப் பிரிவு ஆள்தான், பாவம், வியர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு மேனேஜர் திரையில் ஒரு வட்டப் படம் போட்டார். நீல மாத்திரை ஒன்றின் விலையை நூறு பங்காகப் பிரித்தால் எது எங்கே போகிறது என்று. எங்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று அவர் காட்டினார். நான் தங்களை நினைத்துக்கொண்டு ஹோட்டல் கொடுத்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மருந்துப் பொடிக்கு ஐந்து பங்கு. பூச்சு, அட்டை, டப்பா எல்லாம் சேர்த்து ஆறு. கடைக்காரர், மொத்த வியாபாரி, வரி இவற்றுக்கெல்லாம் முப்பத்தெட்டு. கம்பெனி லாபம் பதினைந்து. மிச்சம் முப்பத்தாறு பங்கு மொத்தமும் ‘விளம்பரமும் உறவு வளர்ப்பும்’. அதாவது பேனா, காலண்டர், விருந்து, சுற்றுலா, அந்த ஹோட்டல், ஆடிய மாத்திரை, அப்புறம் நான். என் சம்பளம், என் பைக்குக்குப் பெட்ரோல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நானாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன் டாக்டர். ஒரு மாத்திரையில் மருந்தைவிட நான்தான் அதிகமாக இருக்கிறேன்.

நோயாளி தண்ணீர் விட்டு விழுங்குவது பெரும்பாலும் என்னைத்தான் என்று தெரிந்த அன்று எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பழைய மாத்திரைக்கும் புதியதற்கும் நிறத்தைத் தவிர வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. பூச்சைப் பற்றி விசாரித்ததில், ஒரு பூச்சு மருந்துக்காம், இன்னொன்று நீலத்துக்காம்.

விற்பவன் இப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
மாத்திரையின் பெரும்பகுதி


ஜனவரி 27

பேனாக்காரருக்கு,

கிழிக்கவில்லை. நோயாளிகள் இருக்கும்போது படித்துத் தொலைத்துவிட்டேன். நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர், “எனக்கு ஒண்ணும் பெருசா இல்லைதானே டாக்டர்?” என்று கேட்டார். கம்பவுண்டர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்குத்தாம்மா நீங்க சிரிச்சுப் பாக்கறேன்” என்றார். அது பொய், நான் வருஷத்துக்கு இரண்டு முறை சிரிப்பேன்.

மற்ற கம்பெனிக்காரர்கள் பெட்டியில் என்ன போடுகிறார்கள் தெரியுமா? ‘மேடம், ப்ளீஸ் சப்போர்ட்.’ அவ்வளவுதான். ஒருவர் அச்சடித்த தாளின் மேலேயே பென்சிலால் எழுதி, கையால் எழுதியது போலக் காட்டியிருந்தார். என்னை ஏமாற்றுகிறவர்கள் கொஞ்சம் பாடுபட்டாவது ஏமாற்றலாம்.

பலகை ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை வெளியே வந்து பார்த்தேன். என் வரவேற்பறையில் மொத்தம் பன்னிரண்டு நாற்காலி. பதினொன்றில் டை கட்டிய கம்பெனி ஆட்கள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாவது நாற்காலியில் ஒரு காலண்டர் கட்டு இருந்தது. அன்று சாயங்காலமே பலகை எழுதச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வட்டப் படத்துக்கு நன்றி. பழைய மஞ்சள் மாத்திரையையே எழுதுகிறேன். அதில் நீங்கள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

டாக்டர்

பின்குறிப்பு: கடைசி வரியை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவும்.


பிப்ரவரி 10

அன்பும் மதிப்பும் கலந்த டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் பின்குறிப்பைப் படிக்கும் வரை நான் அந்த வரியை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே நானும் அம்மாவும் நலம். பைக்குக்குத்தான் சளி பிடித்திருக்கிறது, காலையில் பத்து முறை இருமிவிட்டுத்தான் கிளம்புகிறது. இந்தக் கடிதத்தைத் தங்கள் கிளினிக்குக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தின கடிதங்களையும் இங்கேதான் எழுதினேன். கடைக்காரர் என்னைக் கவிஞர் என்று நினைத்துக்கொண்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கிறார்.

இந்த மாதம் தங்கள் பேரில் ஒரு மாத்திரை கூட விற்கவில்லை என்று மேனேஜர் கடுகடுவென்று இருக்கிறார். “நீ அங்க போய் என்னதான்யா பேசறே?” என்றார். எழுதுகிறேன் என்று சொன்னேன். “என்னது?” என்றார். பேசுகிறேன் என்று மாற்றிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் பிடிவாதக்கார டாக்டர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எதைக் கொடுத்தால் மனசு இளகும் என்று எதிரில் குறித்திருப்பார்கள். ஒருவருக்கு நாய்க்குட்டி, ஒருவருக்கு மகன் பரீட்சை. தாங்கள் இருக்கும் வரியில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்க ஆசை, ஆனால் அந்தக் கோப்பை மேனேஜர் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்.

முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக நிற்கிறாயே, எவள் வருவாள் என்று அம்மாவுக்குத் தினமும் கவலை. வாசலில் நிற்பதும் சில சமயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இந்தக் கடிதத்தில் மருந்து பற்றி எதுவும் இல்லை. மதிப்பெண் குறைத்துக்கொள்ளவும்.

தங்கள்,
பேனாக்காரர்


மார்ச் 2

பேனாக்காரருக்கு,

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாமே, தெரியுமா?

புதுச் சட்டம் வந்தாலும் வந்தது, ஒவ்வொரு கம்பெனியும் எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தது என்று வெளியே சொல்லியாக வேண்டும். நேற்று எங்கள் மருத்துவர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் உங்கள் கம்பெனியின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். பதினான்காவது பெயர் என்னுடையது. அப்படியே எழுதுகிறேன். ‘குளிர்சாதனப் பெட்டி, ஒன்று. கடற்கரைச் சுற்றுலா, நான்கு இரவு, டாக்டரும் கணவரும். டாக்டருடன் தேநீர், பதினொரு முறை.’

எனக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணமே ஆகவில்லை. கடற்கரைக்கு நான் போனது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அன்று மழை. டீ குடித்தால் எனக்கு நெஞ்செரியும், கல்லூரியிலேயே விட்டுவிட்டேன். என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி என் அப்பா வாங்கியது, கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம்.

காலையில் வந்த முதல் நோயாளியே, “டாக்டரம்மா, கடல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். கம்பவுண்டர் அண்ணன் அவருடைய ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே போட்டார். அம்மா விஷயம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். “யாருடி அது? நாலு நாளா?” நான் இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். “சரி, இல்லைன்னா இல்லை. இருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். நல்லவனா இருந்தா சரி” என்றாள். கம்பெனிக்காரர்கள் பெட்டி கொடுத்தார்களா என்று அவள் கேட்கவே இல்லை.

சிரித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இங்குள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வருஷமாக நான்தான் உடம்பு பார்க்கிறேன். இன்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சங்கம் விசாரித்து முடிக்கும் வரை வர வேண்டாமாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், அதுதான் இன்னும் வலிக்கிறது. பலகையை மாட்டிவிட்டுப் பின்வாசலில் வாங்கிக்கொண்டேன் என்று ஊர் பேசும். வாங்கவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? கொடுக்கவில்லை என்று உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தால் நம்புவார்கள்.

28ஆம் தேதி சங்கக் கூட்டம். உங்கள் கம்பெனியில் எனக்கு உங்களைத் தவிர யாரையும் தெரியாது. உங்களையும் எழுத்தில்தான் தெரியும். உதவி செய்வீர்களா?

டாக்டர்


மார்ச் 5

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பட்டியலில் ஏதோ தவறு நேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மேலிடத்தில் விசாரித்துத் தகவல் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரதிநிதி


மார்ச் 15

விற்பனைப் பிரதிநிதி அவர்களுக்கு,

பத்து நாள் ஆகிறது. பெட்டியைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, கதவைப் பூட்டும்போது ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். கம்பவுண்டர் அண்ணன் பார்க்காத மாதிரி ஏதோ பாட்டிலைத் துடைக்கிறார். அவர் துடைத்துத் துடைத்து அந்தப் பாட்டிலில் இருந்த பெயரே அழிந்துவிட்டது.

உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்திருந்தது. நான்கு வரி. நான் போட்ட விதிப்படி பார்த்தால் நீங்கள் எழுதியதிலேயே சரியான கடிதம் அதுதான். அதைப் படித்தபோது, நான் இத்தனை நாள் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சந்தேகம் வந்துவிட்டது.

உங்களுக்கு வேலை முக்கியம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், புரிகிறது. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். கோபப்படுவேன், ஆனால் புரிந்துகொள்வேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். அது எனக்குத் தாங்கவில்லை, இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டாக்டர்


மார்ச் 19

அன்புள்ள டாக்டர்,

முதலில் நல்ல செய்தி. தங்கள் கணவரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, தூங்கும்போது குறட்டை விடுவார் என்று விற்பனைக் கூட்டங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மேனேஜர்தான்.

தாங்கள் உள்ளே யாரையும் விடுவதில்லை. அதனால் தங்களை யாரும் கேட்டுச் சரிபார்க்கப் போவதில்லை என்று அவருக்குத் தைரியம். இரண்டு வருஷமாக, செலவுக் கணக்கில் எதை யார் தலையில் எழுதுவது என்று தெரியாதபோதெல்லாம் தங்கள் தலையில் எழுதியிருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு அவரும் அவர் மனைவியும் போயிருக்கிறார்கள். ஹோட்டலில் அந்த அம்மாவை எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்களாம். யாரோ வயிற்றுவலி என்று வந்து நின்றதற்கு, “வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க, காலையில பாக்கலாம்” என்று வைத்தியமும் சொல்லியிருக்கிறார். அவருக்குக் குணமாகிவிட்டதாம். குளிர்சாதனப் பெட்டி மேனேஜருடைய மச்சான் வீட்டில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. தங்கள் கடிதத்தோடு மேனேஜரிடம் போனேன், அவரே சொன்னார். சொல்லிவிட்டு, “பட்டியலை யாருய்யா படிக்கப் போறா? ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. நீ வாயை மூடிக்கிட்டு இரு, அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு போட்டுத் தரேன்” என்றார். நான் அந்த இடத்திலேயே முடியாது என்று சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் யோசித்தேன். ஐந்தாம் தேதிக் கடிதத்தை அவரைப் பார்த்த அன்றுதான் எழுதினேன், அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

இப்போது கெட்ட செய்தி. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டுத்தான் பேசாமல் இருந்தேன் என்றால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி இதுதான். அந்தப் பதினொரு தேநீர் மேனேஜர் எழுதியது இல்லை. நான் எழுதியது.

எங்கள் தினசரி அறிக்கையில் டாக்டரைச் சந்தித்தேன் என்று ஒரு கட்டம் இருக்கும். வாசலில் பெட்டியில் போட்டேன் என்று எழுதக் கட்டம் கிடையாது. சந்தித்தேன் என்று எழுதினால், எதிரில் செலவு எழுதாமல் கணினி அடுத்த பக்கம் போகாது. தங்களுக்கு அனுப்பிய மூன்று கடிதத்துக்குப் பதினொரு நாள் அந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து. ஒவ்வொரு நாளும் ஒரு டீ. அதைத்தான் ‘டாக்டருடன் தேநீர்’ என்று எழுதினேன். எழுதும்போது பொய் என்று தோன்றவே இல்லை. எதிர் நாற்காலியில் தாங்கள் இருப்பதாக நினைத்துத்தான் எழுதினேன், சில வரிகளைச் சத்தமாகப் படித்துக்கூடக் காட்டினேன். கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

தங்கள் பெயரைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. எல்லாவற்றையும், என் டீ உட்பட, கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீட்டு முகவரியோடு சங்கத்துக்கு இன்று அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. நான்கு பக்கம். வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது இந்நேரம் போயிருக்கும்.

மன்னிப்புக் கேட்டு,
பேனாக்காரன்


மார்ச் 21

பேனாக்காரருக்கு,

டீ விஷயம் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேனேஜர் யாரோ எவரோ. நீங்கள் நான் நம்பிய ஆள். அந்தப் பத்தி வரைக்கும் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். நான்கு நோயாளிகளைப் பார்த்தேன், ஒருவரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு அடுத்த பத்தியைப் படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். கோபம் இப்போதும் இருக்கிறது, ஆனால் முன்னே மாதிரி நிற்க மாட்டேன் என்கிறது.

இந்த விஷயம் வெளியே தெரிந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருஷ வேலை. எனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை. நன்றி என்ற வார்த்தை சின்னதாக இருக்கிறது, வேறு வார்த்தை இப்போது எழுத வரவில்லை.

சங்கத் தலைவர் கூப்பிட்டார். கடிதம் மட்டும் போதாது, எழுதியவர் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். 28ஆம் தேதி காலை பதினொரு மணி. வருவீர்களா? உங்களை எனக்கு அடையாளம் தெரியாது. நீங்களே எழுந்து நிற்க வேண்டும்.

டாக்டர்


மார்ச் 29

அன்புள்ள டாக்டர்,

நேற்று சொல்லாமல் ஓடி வந்ததற்கு முதலில் மன்னிப்பு. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாங்கள் உள்ளே வந்து, பை வைத்திருந்த மூன்று பேரை வரிசையாகப் பார்த்தீர்கள். நான் மூன்றாவது ஆள். முதல் ஆளை நல்லவரைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள், என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். தலைவர், “இதை எழுதினது யாரு? எழுந்திருங்க” என்றார். எழுந்தேன். “நீங்க யாரு?” என்றார். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பேச்சு ஒரு வார்த்தை கூட வரவில்லை. “அந்தப் பதினொரு டீ நான்தாங்க” என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்ததை நான் கேட்கவே இல்லை. தாங்கள் சிரித்ததைத்தான் பார்த்தேன். வருஷத்துக்கு இரண்டில் ஒன்றை நேரில் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. பெட்டி, கடல், மேனேஜர், வெந்நீர், ஒன்று விடாமல் சொன்னேன். தங்கள் பெயரை நீக்குகிறோம், பள்ளிக்கும் எழுதுகிறோம் என்று தலைவர் சொன்னபோது, முன் வரிசையிலிருந்து ஒரு வயதான டாக்டர் கை தட்டினார். பட்டியலில் ஐந்தாவது பெயர் அவருடையதாம். “எனக்கும் ஒரு நாய்க்குட்டி குடுத்ததா இருக்கு, அதையும் கொஞ்சம் விசாரியுங்கப்பா” என்றார்.

வேலை போய்விட்டது. பையைத் திருப்பிக் கொடுத்தபோது தோள் ஒரு பக்கமாக மேலே வந்துவிட்டது, இன்னும் சரியாகவில்லை. கவலைப்படாதீர்கள். மொத்த மருந்துக் கிடங்கு ஒன்றில் ஆள் கேட்டிருக்கிறார்கள். பழைய மஞ்சள் மாத்திரை மாதிரி மலிவான மருந்துகளாகவே வாங்கி விற்கிறார்கள். நாளன்றைக்கு நேர்காணல். அங்கே போனால் மாத்திரைக்குள் என் பங்கு அரைக்கால் பங்குகூட இருக்காது என்று நினைக்கிறேன், அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஓடி வந்த காரணம் இதுதான். கூட்டம் முடிந்து தாங்கள் என்னைத் தேடிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தேன். காகிதத்தில் தங்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிவிடுவேன். நேரில் நின்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. இனித் தங்களுக்கு எழுத என்னிடம் மருந்து எதுவும் இல்லை. மருந்து இல்லாமல் எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை. இந்த மூன்று மாதம்தான் நான் வேலை பார்த்ததிலேயே சந்தோஷமான மூன்று மாதம். நன்றாக இருங்கள்.

தங்கள்,
பேனாக்காரன்


மார்ச் 31

அன்பானவருக்கு,

நீங்கள் நேர்காணலுக்குப் போயிருக்கிறீர்கள். நான் உங்கள் வீட்டில், உங்கள் மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்துக்கு அனுப்பிய தாளில் முகவரி இருந்தது. கிளினிக்கைக் கம்பவுண்டர் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தேன். “யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்?” என்றார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள், சந்தோஷமாகச் சத்தம் போட்டே சொல்லிவிட்டார்.

உங்கள் அம்மா கதவைத் திறந்தார்கள். டாக்டர் என்று சொன்னதும் பதறிப்போய், “ஐயோ, அவனுக்கு உடம்புக்கு என்னம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார்கள். அவருக்கு ஒன்றுமில்லை அம்மா, எனக்குத்தான் என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு, “அப்ப உக்காரு. வரட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் சுவர் வழியாக ஏதோ கிசுகிசுத்தார்கள். இதுவரை மூன்று பெண்கள் உப்பு கேட்டு வந்துவிட்டார்கள்.

என் அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். “பையன் என்ன வேலை பாக்கறான்?” என்றாள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றேன். “மருந்துக் கம்பெனி இல்லைதானே? அப்ப சரி” என்றாள்.

பள்ளியிலிருந்து காலையில் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை முதல் வரச் சொல்லி. அது நீங்கள் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதற்காக நான் வரவில்லை. நன்றிக்காக யாரும் இப்படி இரண்டு பஸ் மாறி வர மாட்டார்கள். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. கடிதத்தில் பிடித்தது, 28ஆம் தேதி கடைசி வரிசையில் எழுந்து நின்றீர்களே, அப்போது இன்னும் பிடித்தது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். எழுத என்ன உரிமை என்று கேட்டிருந்தீர்கள். இதைவிடப் பெரிய உரிமை கொடுக்க என்னிடம் இல்லை.

பைக் சத்தம் கேட்கிறது. பத்து முறை இருமிவிட்டு நின்றது, நீங்கள்தான். உங்கள் அம்மா வாசலுக்கு ஓடுகிறார்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இந்தத் தாளை உங்கள் கையில் கொடுக்கப் போகிறேன். அவசரமே இல்லை, மெதுவாகப் படியுங்கள். கடைசி வரி வந்ததும் தலையை நிமிர்த்தி எனக்குப் பதில் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடவில்லை. ஆளே இங்கே எதிரில் இருக்கிறேன்.